ஆறு படிகளும் ஒரு மாய மண்டபமும்

எங்கள் தெருச் சங்கத்தின் மண்டபத்துக்கு வாசலில் ஆறு படிகள். என் வீட்டிலிருந்து முதல் படிவரை சக்கர நாற்காலியில் போக நான்கு நிமிடம் ஆகும். முதல் படியிலிருந்து ஆறாவது படிக்குப் போக ஏழு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற தெரு எங்களுடையது. காவிரிப் பாலத்தில் ஒரு வேன் என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிய நாள்வரை நான் அந்தப் படிகளை எண்ணியதே இல்லை. நடக்கிறவர்கள் யாரும் எண்ண மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு திரும்பி வந்த பிறகுதான் எண்ணினேன்.

மண்டபம் என்றால் ஏதோ கூட்டம் போடுகிற இடம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவின் நிச்சயதார்த்தம், காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், கண் மருத்துவ முகாம், நவராத்திரிச் சுண்டல் எல்லாமே அங்கேதான். பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு முதலில் வருவார்கள். அதில் குறை சொல்ல முடியாது. "நீங்க அவசியம் வரணும்" என்பார்கள். சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்ப்பார்கள். "இல்லேன்னா கேரியர்ல அனுப்பிடறோம், கவலைப்படாதீங்க" என்பார்கள். ஏழு வருடமாக இந்தத் தெருவின் எல்லா விசேஷச் சாப்பாட்டையும் நான் டிபன் கேரியரிலிருந்துதான் சாப்பிட்டிருக்கிறேன். சாம்பார் ஒரு அடுக்கு, பாயசம் ஒரு அடுக்கு, ஆறிப்போன வடை மேல் அடுக்கு. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரியிடம் ஊர்க்கதை பேசலாம். "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடுப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கலாம். கேரியரைத் திறந்து சாப்பிடுகிறவளிடம் போதுமா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. எனக்கு அதில் அழுகை வந்ததில்லை. கோபம்தான் வந்தது.

ஒரே ஒரு தடவை தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண வரவேற்பு அது. எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். பேச்சில் எப்போதும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். "பெருமாளையே தோள்ல தூக்கிட்டுப் போற ஊருங்க இது. உங்களத் தூக்க மாட்டோமா?" என்று நாலு பேரைக் கூப்பிட்டார். பெருமாளைத் தூக்குகிறவர்கள் அதற்கென்றே பழகியவர்கள். இந்த நாலு பேரும் பந்தியில் கை கழுவிவிட்டு அப்படியே வந்தவர்கள். மூன்றாவது படியில் நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. என் சேலை முழங்கால்வரை ஏறிவிட்டது. யாருடைய கையோ என் இடுப்பில் இருந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. போட்டோகிராபர் அதையும் ஒரு படம் எடுத்தார். அந்த வீட்டு ஆல்பத்தில் அது இன்னும் இருக்கிறது. அதில் என்னைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் தூக்குகிற பேச்சே வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

சாய்தளம்தான் கேட்டேன். சிமென்டில் ஒரு சரிவு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. என் வீட்டுக்காரருக்கு காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் வேலை. மூட்டை ஏற்ற, இறக்க தினமும் பலகை போட்டுப் பழகியவர். "ரெண்டு பலகையப் போட்டா முடிஞ்சுது, நானே கொண்டாந்து போடறேன்" என்று செயலாளரிடம் சொன்னார். மண்டபத்தின் அழகு கெட்டுவிடும் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் எழுதியே கொடுத்தேன். சரிவு வைத்தால் ஈசானிய மூலையில் வரும், அந்த மூலையில் பாரம் ஏற்றுவது வாஸ்துப்படி ஆகாது என்றார். நாற்பது வருடம் கட்டடம் கட்டிய இன்ஜினியர் சொல்கிறார்! அதே ஈசானிய மூலையில் ஒரு ஓட்டை ஜெனரேட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. அது பாரத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இந்த ஊருக்குத் தெரியாத பழமொழியா என்ன.

போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள் செயலாளர் அட்டைப்பெட்டி ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல். "உங்க பிரச்சினை தீர்ந்துதுங்க" என்றார். சாய்தளத்தின் மாதிரிப் படம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நானும் ஒரு நிமிடம் ஏமாந்துபோனேன்.

பெட்டிக்குள் இருந்தது ஹெட்செட். கண்ணை மூடினாற்போல் மாட்டிக்கொள்கிற சாமான். சங்கத் தலைவரின் மகன் பெங்களூரில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார். எங்கள் மண்டபத்தை அவர் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டாராம். இதை மாட்டிக்கொண்டால் மண்டபத்துக்குள் நிற்கலாம், நடக்கலாம். அமெரிக்காவில், துபாயில் இருக்கிற நம் தெருக்காரர்களும் இதே மாதிரி மாட்டிக்கொண்டு அங்கே வரலாம், பார்த்துப் பேசலாம். "அங்க இருக்கறதும் ஒண்ணு, இங்க இருக்கறதும் ஒண்ணுங்க. வித்தியாசமே தெரியாது" என்றார் செயலாளர். இந்த வாக்கியத்தை நான் அப்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

நல்ல நாள் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, என் வீட்டுக் கூடத்திலேயே திறப்பு விழா வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஆயுத பூஜைக்கு பைக்குக்கு வைக்கிற மாதிரி ஹெட்செட்டின் முன்பக்கம் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, வரிசையாகப் பொட்டிட்டார்கள். மாட்டிய உடனே எனக்கு உலகமே சுற்றியது. மண்டபத்துத் தூண் தலைக்கு மேல் பறந்தது, தரை எழுந்து சுவராக நின்றது, என் கை எங்கே போனதென்றே தெரியவில்லை. வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது. தலைவரின் மகன் பெங்களூரிலிருந்து போனில், "முன்னாடி இருக்கற கேமராவ ஏதாவது மறைக்குதா பாருங்க" என்று கேட்டார். நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன், கை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அந்தச் சாமான் முன்பக்கத்துக் கேமராக்களால்தான் பார்க்குமாம். எங்கள் ஆட்கள் குறி பார்த்தாற்போல அந்தக் கண்களின் மேலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்கள். செயலாளர் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

துடைத்த பிறகு மண்டபம் தெரிந்தது. குறை சொல்ல முடியாத வேலை. மேடைக்குப் பின்னால் பச்சைத் திரை, ஓரமாக மடக்கி வைத்த நாற்காலிகள், மூலையில் துருப்பிடித்த ஜெனரேட்டர்கூட அப்படியே. வாசலுக்குத் திரும்பிப் பார்த்தேன். ஆறு படிகள் இருந்தன.

"இங்கயும் படி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ஒரு இம்மி மாறக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டோங்க. வாஸ்துக்காரர்கிட்டயும் காட்டி ஓகே வாங்கியாச்சு" என்றார் செயலாளர், பெருமையாக.

சிமென்ட் வேண்டாம், கொத்தனார் வேண்டாம், பாரமும் கிடையாது. நினைத்ததை நினைத்தபடி கட்டிக்கொள்ளக்கூடிய ஒரே இடம். அங்கேகூட இவர்களுக்கு ஒரு சரிவு கட்ட வேண்டும் என்று தோன்றவில்லை! அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்களுக்குத் தடையாக இருந்தது அழகும் இல்லை, வாஸ்துவும் இல்லை. நான் ஏறி வருவதை இவர்கள் ஒரு நாளும் மனதில் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கென்று ஓர் உருவமும் செய்து வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வயசு, பளீரென்று வெளுத்த தோல், பட்டுச்சேலை, ஜம்மென்று நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வயது நாற்பத்தெட்டு, நிறம் கருப்பு. "என் சேர் எங்கங்க?" என்றேன். "அங்க எதுக்கும்மா அது? அங்கதான் நீங்க நடக்கலாமே!" என்றார் செயலாளர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எரிச்சலே அதுதான்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாமான் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் மண்டபத்தை விட்டு வெளியே, உலகத்து ஜனங்கள் எல்லாம் வந்து கூடுகிற இடங்கள் அதில் எத்தனையோ இருந்தன. ஒரு கடற்கரையில் தமிழ் பேசுகிறவர்கள் மதிய நேரத்தில் கூடுவார்கள். அங்கே ஒரு சிநேகிதி கிடைத்தாள். பாலக்கரைப் பெண், குவைத்தில் நர்ஸ். நான் நாற்காலிக்காரி என்று முதல் நாளே அவளிடம் சொன்னேன். "அட, நான் மட்டும் என்னக்கா? டூட்டி முடிஞ்சா ரூமு, ரூமு விட்டா டூட்டி. இன்ஷா அல்லாஹ் லீவு கெடைச்சா ஊருக்கு வந்து உங்களோட பீமநகர் பரோட்டா சாப்பிடணும்" என்றாள். இருவரும் அந்தக் கடற்கரை முழுக்க நடப்போம். தக்காளி விலையிலிருந்து மாமியார்வரை பேசுவோம். அவள் கண்ணும் என் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். நாற்காலியில் இருக்கிறவளிடம் எல்லோரும் குனிந்து பேசுவார்கள், இல்லாவிட்டால் நாற்காலியைத் தள்ளுகிறவரிடம் பேசுவார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருத்தியோடு முகத்துக்கு நேர் முகம் வைத்துப் பேசியது அங்கேதான். அது பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அது பொய் இல்லை என்றால் இன்னொன்றும் பொய் இல்லை. ஒரு நாள் அந்தக் கடற்கரையில் நான் தனியாக நின்றிருந்தபோது மூன்று ஆண் உருவங்கள் என்னைச் சுற்றி வளைத்தன. ஒருவன் முகத்தோடு முகம் ஒட்ட வந்து, என் மார்புக்கு நேராகக் கைகளை வைத்து ஆட்டினான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன், தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, கதவு பூட்டியிருக்கிறது. எல்லாம் தெரிந்தும் என் உடம்பு கூசிப்போனது. கல்லூரிக் காலத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்ட பஸ்ஸில் கையில் ஊக்கு வைத்துக்கொண்டு நிற்போம். இங்கே ஊக்குக்கும் வழியில்லை. அன்றைக்குத் தாமதமாக வந்த சிநேகிதிதான் அவர்களைக் கண்டபடி திட்டி விரட்டிவிட்டு, யாரும் பக்கத்தில் வராமல் வட்டம் போட்டுக்கொள்கிற பட்டன் எது என்று சொல்லிக்கொடுத்தாள்.

சங்கத்து மண்டபத்துக்குள்ளும் இப்படி யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்று செயலாளரிடம் கேட்டேன். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளும் வரப்போகிற இடமாயிற்றே. அவர் சிரித்தார். "கழட்டி வெச்சா போச்சுங்க. நெஜமாவா தொட்டுட்டான்? எல்லாம் பொம்மைதானே" என்றார். சரிவு கேட்டால் அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்று. மானத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் பொம்மை. நாக்கில் நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்குப் பிறகு சாய்தளம் என்று நான் வாயைத் திறந்தாலே, "உங்களுக்குத்தான் ஹெட்செட் இருக்கே" என்ற பதில் தயாராக இருந்தது. சித்திரையில் சங்க ஆண்டு விழா. மண்டபத்தின் முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்தார்கள். அவர்களுக்கு அந்தத் திரையில் பட்டுச்சேலைக்காரி தெரிவாள். எனக்கு என் மாய மண்டபத்துச் சுவரில் நிஜ மண்டபம் தெரியும். தலைவர் என் பெயரைச் சொல்லி, அந்த நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார். வெறும் நாற்காலிக்கு! எல்லோரும் கை தட்டினார்கள். 'வீட்டிலிருந்தே விழாவில் கலந்துகொண்ட நம் சகோதரி' என்று வாட்ஸாப் குழுவில் படம் வந்தது, கீழே கும்பிடுகிற கைகள் வரிசை வரிசையாக. அப்புறம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். லேப்டாப்பை யாரும் அணைக்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் இலை போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அங்கே இருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அரை மணி கழித்து வீட்டுக் கதவைத் தட்டி கேரியர் வந்தது, மேலே மடித்த பொன்னாடையோடு.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆண்டுப் பொதுக்குழு. வீடு என் பெயரில் இருப்பதால் சங்க உறுப்பினர் நான். என் வீட்டுக்காரர் உறுப்பினர் இல்லை. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மாளும் உறுப்பினர். அவரைப் பிடித்து, சாய்தளம் கட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொடுக்க வைத்திருந்தேன். வீடு வீடாகப் போன் போட்டு ஆதரவும் கேட்டிருந்தேன். ஒன்று இரண்டு ஓட்டில் ஜெயிக்கும் என்பது என் கணக்கு.

ஆண்டு விழா போலவே முதல் வரிசை நாற்காலியில் லேப்டாப், வீட்டில் ஹெட்செட்டோடு நான். அன்று முகூர்த்த நாள், கூட்டம் சேரவில்லை. விதிப்படி இருபத்தைந்து உறுப்பினர் இருந்தால்தான் பொதுக்குழு செல்லும்; அதைத்தான் கோரம் என்பார்கள். பத்தரை மணிக்கு எண்ணினார்கள்; இருபத்து நான்கு பேர். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தலைவர் இழுத்தார். செயலாளர் விடவில்லை. லேப்டாப்பைக் காட்டி, "இதோ அவங்க வந்திருக்காங்களே. இருபத்தஞ்சு ஆச்சு. ஆரம்பிங்க" என்றார். வந்தவர்கள் எண்ணிக்கையை மினிட்ஸ் நோட்டில் எழுதி, இருபத்தைந்து என்று சத்தமாகப் படிக்கவும் செய்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆளாக மதித்து எண்ணினார்களே என்று.

ஆண்டறிக்கை ஒப்புதல் ஆனது. புது நிர்வாகிகள் தேர்வு. மறுபடியும் மூன்று வருடத்துக்கு அதே செயலாளர், ஏகமனதாக. நானும் என் மாயக் கைகளைத் தட்டினேன். கடைசியில் சாய்தளத் தீர்மானம். மருந்துக்கடை அம்மாள் படித்தார். கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாகப் பன்னிரண்டு கை, எதிராகப் பன்னிரண்டு கை. போனில் "கட்டாயம் போடறேன்" என்று சொன்ன இரண்டு பேர் எதிர்ப்பக்கம் கை தூக்கியதையும் பார்த்தேன். பரவாயில்லை. நான் என் கையைத் தூக்கினேன்.

பட்டுச்சேலைக்காரியின் கை திரையில் உயர்ந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். மருந்துக்கடை அம்மாள், "பதிமூணு" என்றார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அத எப்படிங்க சேர்க்க முடியும்? நேர்ல வந்து வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான் ஓட்டு. விதியில அப்படித்தான் இருக்கு. அவங்க மேல நமக்கெல்லாம் மரியாதை இருக்கு, அது வேற விஷயம். சமமா வந்தா தீர்மானம் தோல்வின்னு அர்த்தம்."

தூக்கிய கையைத் தூக்கியபடியே இருந்தேன். சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது ஆள் குறைந்தால் ஒருவரைக் கணக்குக்காக மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். இந்த ஊரில் எனக்கு அந்தப் பெயரை வைக்க இத்தனை பெரிய மனிதர்கள் சேர்ந்து, பெங்களூரிலிருந்து மண்டபம் வரவழைத்து, தேங்காய் உடைக்க வேண்டியிருந்திருக்கிறது. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

"தலைவர் சார்," என்றேன். ஸ்பீக்கரில் என் சத்தம் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் வரலைன்னா வரலைன்னே வெச்சுக்கங்க. மினிட்ஸ் நோட்டுல என்னை எடுத்துடுங்க. எடுத்துட்டு எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க."

தலைவர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அவங்க சொல்றது சரிதான். அவங்க இல்லேன்னா கோரம் இல்ல. கோரம் இல்லேன்னா காலையிலேர்ந்து நடந்தது எதுவும் செல்லாது. அறிக்கை செல்லாது, தேர்தலும் செல்லாது."

இருபத்து நான்கு தலைகளும் செயலாளர் பக்கம் திரும்பின. யாரோ ஒருவர் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் அவரை இழுத்து உட்கார வைத்தார். செயலாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப் இருந்த நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தார். என் மாய மண்டபத்தின் சுவர் முழுக்க அவர் முகம்தான். நெற்றியில் வியர்வை, குரலில் பழையபடி சர்க்கரை.

"அம்மா, நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க. அஞ்சே நிமிஷம். நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்களேன்."

"வரேங்க," என்றேன். "எப்படி ஏறி வரணும்னு மட்டும் சொல்லுங்க."